ஒன்றரை மீட்டர்: வயசை வைத்து விளையாட்டைப் பிரித்த கதை

ரக்பி சட்டப் புத்தகத்தின் பின்பகுதியில், 19 வயதுக்குட்பட்டவர்களுக்கான மாற்றங்கள் என்று ஒரு சின்னப் பகுதி இருக்கிறது. ஆட்டத்தின் ஒவ்வொரு பாதியும் 40 நிமிடம் இல்லை, 35 நிமிடம். ஸ்க்ரம் என்கிற தள்ளுமுள்ளுவில் எதிரணியை ஒன்றரை மீட்டருக்கு மேல் தள்ளக் கூடாது. ஸ்க்ரம் 45 டிகிரிக்கு மேல் சுழன்றால் நடுவர் விசில் ஊதிவிடுவார். பெரியவர்களுக்கு அது 90 டிகிரி.

இந்த ஒன்றரை மீட்டரும் 45 டிகிரியும் எங்கிருந்து வந்தன, ஏன் 19 வயசோட அந்தச் சலுகை முடியுது என்று தேட ஆரம்பித்தேன். தேடல் இங்கிலாந்தில் ஆரம்பித்து கண்டி வழியாக, நம்ம ஊர் ஹெட்மாஸ்டர் மேஜையில் வந்து முடிந்தது. அந்தக் குறிப்புகளைத்தான் இங்கே கோர்வையாக எழுதி வைக்கிறேன்.

ரக்பி பரிச்சயம் இல்லாதவர்களுக்கு ஒரு வரி: ஸ்க்ரம் என்றால் அணிக்கு எட்டு பேர், மூன்று வரிசையாகக் கட்டிப்பிடித்துக் குனிந்து, எதிரணி எட்டு பேரோடு தோளும் தலையும் கோர்த்துத் தள்ளுவது. முன்வரிசை மூன்று பேரின் கழுத்துதான் இரண்டு பக்கத்து பாரத்தையும் வாங்கும்.

வயசே இல்லாத காலம்

ரக்பி பிறந்த ரக்பி பள்ளியில் வயதுப் பிரிவு என்ற யோசனையே கிடையாது. 1845 ஆகஸ்டில் மூத்த மாணவர்கள் மூன்று பேர் உட்கார்ந்து 37 விதிகளை எழுதினார்கள். ஆசிரியர்கள் எழுதவில்லை, மாணவர்களே எழுதினது என்பது கவனிக்க வேண்டிய விஷயம். பந்தை எப்போது கையில் எடுக்கலாம், எப்போது எதிராளியின் காலில் உதைக்கலாம் என்பதெல்லாம் அதில் உண்டு. யார் யாரோடு ஆடலாம் என்பது இல்லை.

அணி பிரிந்தது விடுதி வாரியாக. ஒரு பக்கம் ஐம்பது அறுபது பேர், இன்னொரு பக்கம் அதைவிட அதிகம் என்று ஆடிய ஆட்டங்களும் உண்டு. பெரியவர்கள் முன்னால் மோதுவார்கள், சின்னப் பையன்கள் கோல் கோட்டுக்குப் பக்கத்தில் கூட்டமாக நிற்பார்கள். 1857-இல் வந்த 'டாம் பிரவுன்ஸ் ஸ்கூல் டேஸ்' நாவலில் இந்தக் காட்சி விரிவாகவே வரும். அதாவது வயசு வித்தியாசத்தை விதி சமாளிக்கவில்லை, மைதானத்தில் நிற்கிற இடம் சமாளித்தது.

1871 ஜனவரியில் லண்டனில் 21 கிளப்புகள் சேர்ந்து ரக்பி யூனியனை ஆரம்பித்தன. உதைக்கிற வழக்கத்தை அப்போதுதான் ஒழித்தார்கள். காலையில் வேலைக்குப் போக வேண்டிய பெரியவர்களுக்கு உடைந்த கால் கட்டுப்படியாகாது. ரக்பியின் முதல் பெரிய பாதுகாப்பு விதி சம்பாதிக்கிற பெரியவர்களுக்காக வந்தது. பிள்ளைகளுக்கான விதிகள் வர இன்னும் நூறு வருஷம் ஆனது.

கண்டியில் ஒரு பள்ளி, ஒரு அணி

நம்ம பக்கத்தில் பள்ளி ரக்பி வேர் பிடித்தது இலங்கையில். கண்டி கிங்ஸ்வுட் கல்லூரியில் 1891-லேயே இந்த ஆட்டம் நுழைந்துவிட்டது. 1906-இல் கிங்ஸ்வுட்டும் டிரினிட்டியும் மோதியதுதான் அங்கே பள்ளிகளுக்கிடையே நடந்த முதல் போட்டி. கொழும்பு ராயல் கல்லூரியும் கண்டி டிரினிட்டியும் ஆடும் பிராட்பி கேடயம் 1945-இல் தொடங்கியது. கேடயத்தைக் கொடுத்தவர் ராயலின் அன்றைய முதல்வர் பிராட்பி. ஒரு ஆட்டம் கண்டியில், ஒரு ஆட்டம் கொழும்பில், இரண்டின் புள்ளிகளையும் கூட்டி வெற்றி தோல்வி. இன்றைக்கும் அந்த வாரம் ரெண்டு ஊரிலும் திருவிழாதான்.

இங்கேயும் ஆரம்பத்தில் கணக்கு எளிது. பள்ளிக்கு ஒரு முதல் அணி, பதினைந்து பேர். பள்ளியில் படிக்கிறவன் யாரும் ஆடலாம். பதினாறு வயசுப் பையன் திறமைக்காரன் என்றால் அவனும் முதல் அணிதான், பள்ளியின் கடைசி வருஷத்தில் இருக்கிறவனும் முதல் அணிதான். கீழே சின்ன வயசு அணிகள் பிறகு வந்தன. மேல்பிரிவு ரொம்ப காலம் 20 வயதுக்குட்பட்டோர் என்று இருந்து, பிறகு 19 ஆனது.

ஒரு வயசுதானே என்று தோன்றும். ஆனால் முதலில் சொன்ன சட்டப் பகுதியோடு வைத்துப் பாருங்கள். பத்தொன்பது முடிந்தவன் உலக ரக்பி சட்டத்தின் கண்ணில் பெரியவன், பதினாறு வயசுக்காரன் பாதுகாக்கப்பட வேண்டியவன். அண்டர்-20 என்று வைத்தால் இரண்டு பேரும் ஒரே ஸ்க்ரத்தில் குனிவார்கள். அண்டர்-19 என்று மாற்றினால் அந்த ஒரு வருஷத்துப் பெரியவர்கள் மட்டும் வெளியே போவார்கள். அந்தப் பெரியவர்கள்தான் பெரும்பாலும் அணியின் நட்சத்திரங்கள். அதனால்தான் எந்த ஊரிலும் இந்த ஒரு வயசைக் குறைக்கிறது சுலபமாக நடப்பதில்லை.

கழுத்து சொன்ன கணக்கு

ஒன்றரை மீட்டருக்கு வருவோம். 1970-களிலும் 80-களிலும் நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளின் மருத்துவர்கள் ஒரே மாதிரி செய்தியை மருத்துவ இதழ்களில் எழுத ஆரம்பித்தார்கள். ரக்பியில் தண்டுவடம் பாதித்து, கழுத்துக்குக் கீழே செயலிழந்து வருகிற இளைஞர்கள். அதில் கணிசமானவை ஸ்க்ரத்தில் நடந்தவை. இரண்டு முன்வரிசைகள் வேகமாக வந்து மோதும் கணத்திலும், ஸ்க்ரம் சரிந்து விழும்போதும்தான் ஆபத்து.

இதற்கு மேலோட்டமான பதில், ஸ்க்ரத்தையே எடுத்துவிடலாம் என்பது. அப்படிச் செய்தால் அது ரக்பியே இல்லை என்று இன்னொரு கட்சி. நடுவில் வந்ததுதான் இந்த எண்கள். தள்ளலாம், ஆனால் ஒன்றரை மீட்டர். சுழலலாம், ஆனால் 45 டிகிரி. முன்வரிசையில் நிற்கப் பயிற்சி பெற்றவர்கள் போதுமான அளவு இல்லையென்றால் தள்ளாமல் பந்தை மட்டும் எடுக்கிற ஸ்க்ரம். தூரத்தை வெட்டினால், மொத்த பலத்தையும் போட்டுத் தள்ளுவதால் கிடைக்கிற லாபம் குறைகிறது. லாபம் குறைந்தால் அப்படித் தள்ளுகிற ஆசையும் குறைகிறது. தடை போடாமலே நடத்தையை மாற்றுகிற விதி இது. எனக்கு இதில் பிடித்ததே அதுதான்.

தலைக்காயம் பற்றிய விழிப்பு இன்னும் தாமதம். 2011 ஜனவரியில் வடக்கு அயர்லாந்தில் பள்ளி ஆட்டம் ஒன்றில் 14 வயசு மாணவன், தலையில் அடி வாங்கிய பிறகும் தொடர்ந்து ஆடி, இறந்து போனான். முதல் அடியிலிருந்து மூளை மீள்வதற்குள் இரண்டாவது அடி விழுந்ததே காரணம் என்று 2013-இல் விசாரணையில் முடிவானது. அதே 2013-இல் கனடாவின் ஒட்டாவாவில் ரோவன் ஸ்டிரிங்கர் என்ற 17 வயசுப் பெண், பள்ளி அணித் தலைவி, இதே மாதிரி இறந்தாள். ஒன்டாரியோ மாகாணம் 2018-இல் அவள் பெயரிலேயே சட்டம் கொண்டு வந்தது: சந்தேகம் வந்தாலே வெளியே எடு, மருத்துவர் சொல்லாமல் திரும்ப இறக்காதே. 2016-இல் எழுபதுக்கும் மேற்பட்ட மருத்துவர்களும் ஆய்வாளர்களும் பிரிட்டன் பள்ளிகளில் டேக்கிளையே நிறுத்தச் சொல்லிப் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். நிறுத்தவில்லை. ஆனால் விவாதம் நிற்கவும் இல்லை.

ஒப்புக்குச் சப்பாணி, இங்கிலாந்து மாடல்

இங்கிலாந்து ரக்பி யூனியன் கடந்த பத்துப் பதினைந்து வருஷத்தில் பையன்களுக்கு ஏற்படுத்திய ஏணி இப்படிப் போகும். ஏழு வயதுக்குட்பட்டோர் பக்கத்துக்கு நான்கு பேர். டேக்கிள் கிடையாது, இடுப்பில் தொங்கும் பட்டையை உருவினால் போதும். எட்டில் ஆறு பேர், அப்போதும் பட்டைதான். ஒன்பதில் ஏழு பேர், முதல் முறையாக டேக்கிள். பத்தில் எட்டு, பதினொன்றில் ஒன்பது, பன்னிரண்டில் பன்னிரண்டு, பதிமூன்றில் பதிமூன்று. அதுக்கு அப்புறம்தான் முழு பதினைந்து. மைதானமும் கூடவே வளரும்.

இதைப் படித்தபோது எனக்கு நம்ம ஊர் 'ஒப்புக்குச் சப்பாணி' ஞாபகம் வந்தது. இப்போதும் எங்க கோவில்பதாகை பக்கம் ஏதாவது காலி மனையில் பசங்க ஆடும்போது ஒரு ஆறு வயசு தம்பி ஒட்டிக்கொண்டு வரும். அதை விரட்டவும் முடியாது, அவுட் ஆக்கவும் முடியாது. ஆட்டத்துக்குள்ளே இருக்கும், ஆனால் கணக்கில் வராது. பந்தைக் கையால் மெதுவாக உருட்டிப் போடுவார்கள். எந்த சங்கமும் எழுதாத, வயசுக்கேற்ற விதி அது. 1845-இல் ரக்பி பையன்கள் சின்னவர்களைக் கோல் பக்கம் நிறுத்தினதும் இதே ஜாதிதான்.

வித்தியாசம் ஒன்று உண்டு. தெருவில் சின்னவன் யார் என்று எல்லோருக்கும் தெரியும். மாவட்டம் விட்டு மாவட்டம் போய் ஆடும்போது தெரியாது. அங்கே காகிதம் தேவைப்படுது.

வயசா, எடையா?

காகிதத்துக்குப் போகிறதுக்கு முன்னால், இன்னொரு வழி இருந்ததைச் சொல்ல வேண்டும்.

கபடியில் நாம் ஆரம்பத்திலிருந்தே எடையையும் பார்க்கிறோம். சப்-ஜூனியர் என்றால் 16 வயதுக்குள், 55 கிலோவுக்குள். புரோ கபடியில்கூட 85 கிலோ உச்சவரம்பு. வேடிக்கை என்னவென்றால் நியூசிலாந்தில் பெரியவர்களுக்கே 85 கிலோவுக்குக் கீழ் என்று தனி ரக்பிப் போட்டி நடத்துகிறார்கள். ஒரே வயசில் உடல்வாகு ரொம்ப வேறுபடுகிற ஆக்லாந்தில் சிறுவர்களுக்கும் எடைப் பிரிவுகள் உண்டு. இரண்டுமே பிடித்து இழுக்கிற, சாய்க்கிற விளையாட்டு. இரண்டுக்கும் ஒரே எண் தோன்றியிருக்கிறது.

எடையின் பெரிய பலம், தராசை எல்லோர் முன்னாலும் வைக்கலாம். வயசை அப்படி வைக்க முடியாது. பலவீனமும் அதுவே. எடை பார்க்கிற நாளுக்கு முந்தின நாள் பட்டினி கிடந்து, வெயிலில் ஸ்வெட்டர் போட்டு ஓடி, தண்ணி குடிக்காமல் எடை குறைத்து வந்து நிற்கிற பையன்களைக் கபடி பார்க்கிற யாருக்கும் தெரியும். வளர்கிற பிள்ளையைக் காய வைப்பது இந்த விதியின் விலை.

மூன்றாவதாக ஒரு யோசனை. சார்லஸ் மெக்லாய் என்ற அமெரிக்கர் ஒய்.எம்.சி.ஏ.வுக்காகச் சீனாவில் பல வருஷம் உடற்கல்வி வேலை செய்து, பிறகு அயோவா பல்கலைக்கழகத்துக்குப் போனவர். ஏறக்குறைய அதே காலத்தில், 1920-இல், அதே ஒய்.எம்.சி.ஏ.வுக்காகச் சென்னையில் ஹாரி குரோ பக் உடற்கல்விக் கல்லூரியை ஆரம்பித்தார், இப்போது நந்தனத்தில் இருப்பது. மெக்லாயின் வகைப்பாட்டுக் குறியீட்டை நம்ம பி.டி. வாத்தியார்கள் இன்றும் பாடத்தில் படிக்கிறார்கள். உயர்நிலைப் பள்ளிக்கான சூத்திரம்: வயசை 20-ஆல் பெருக்கு, அங்குலத்தில் உயரத்தை 6-ஆல் பெருக்கு, பவுண்டில் எடையைக் கூட்டு.

போட்டுப் பார்ப்போம். 13 வயசு, 60 அங்குலம், 90 பவுண்டு என்றால் 260 + 360 + 90 = 710. இன்னொருவன் 15 வயசு, 56 அங்குலம், 78 பவுண்டு. 300 + 336 + 78 = 714. வயசுக் கணக்கில் இரண்டு பேரும் வேற வேற பிரிவு, இந்தக் கணக்கில் ஒரே ஆட்டக்காரர்கள். இங்கிலாந்து கால்பந்து அகாடமிகள் சில வருஷங்களாகச் சோதித்துப் பார்க்கிற 'பயோ பேண்டிங்', பையன் தன் முழு உயரத்தில் எத்தனை சதவீதம் வளர்ந்துவிட்டான் என்று கணித்துப் பிரிப்பது. அதுவும் இந்தக் குடும்பத்து யோசனைதான்.

ஆனாலும் உலகம் முழுக்க வயசுதான் ஜெயித்தது. காரணம் நிர்வாக வசதி. சூத்திரத்துக்கு ஒவ்வொரு முறையும் அளக்க வேண்டும். வயசுக்கு ஒரு காகிதத்தைப் பார்த்தால் போதும். நம்ம பள்ளி விளையாட்டு 14, 17, 19 என்று பிரிந்து, மைதான பாஷையில் ஜூனியர், சீனியர், சூப்பர் சீனியர் ஆனது அப்படித்தான்.

ஜூன் மாசத்தில் பிறந்த தலைமுறை

அந்தக் காகிதம் எவ்வளவு உறுதி? இங்கேதான் கதை நம்ம வீட்டுக்குள் வருது.

பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969-இல் வந்தது. சட்டம் வந்ததும் எல்லாக் குழந்தையும் பதிவாகிவிடவில்லை. வீட்டிலேயே பிரசவம் நடந்த கிராமங்களில் பிள்ளையின் முதல் அரசாங்கக் காகிதம் பெரும்பாலும் பள்ளிச் சேர்க்கைப் பதிவேடுதான். ஹெட்மாஸ்டர் என்ன செய்தார்? வலது கையைத் தலைக்கு மேலே சுற்றி இடது காதைத் தொடச் சொன்னார். தொட்டால் ஐந்து வயசு. பள்ளி திறப்பது ஜூன். ஆகவே ஐந்து வருஷத்துக்கு முந்தைய மே அல்லது ஜூனில் ஒரு தேதி. நம்ம அப்பா, பெரியப்பா தலைமுறையில் எத்தனை பேருடைய 'சர்டிபிகேட் பிறந்தநாள்' மே, ஜூனில் இருக்கிறது என்று உங்கள் வீட்டிலேயே எண்ணிப் பாருங்கள்.

காதைத் தொடுவது சும்மா சடங்கு இல்லை. குழந்தைக்கு முதலில் தலை பெரிது, கை சின்னது. வளர வளர விகிதம் மாறும். கை எட்டினால் உடம்பு ஒரு கட்டத்தைத் தாண்டிவிட்டது என்று அர்த்தம். அதாவது ஹெட்மாஸ்டர் அளந்தது வளர்ச்சியை, எழுதியது தேதியை. அளந்தது ஒன்று, பதிந்தது இன்னொன்று. இந்தக் கட்டுரையின் முழுச் சிக்கலும் அந்த ஒரு வரியில் இருக்கிறது.

இதே காரியத்தை இப்போது எக்ஸ்ரே செய்கிறது. இந்திய கிரிக்கெட் வாரியம் 2012 முதல் 16 வயதுக்குட்பட்டோர் பிரிவில் டி.டபிள்யூ.3 என்ற முறையைப் பயன்படுத்துகிறது. டேனர், வைட்ஹவுஸ் என்ற இரண்டு ஆங்கிலேயர்களின் பெயர். இங்கிலாந்தில் ஹார்ப்பென்டன் என்ற ஊரில் குழந்தைகள் இல்லத்துப் பிள்ளைகளை 1940-களின் கடைசியிலிருந்து வருஷக்கணக்கில் அளந்து வந்தவர்கள். இடது கை, மணிக்கட்டு எலும்புகளின் படத்தைப் பார்த்து ஒவ்வொரு எலும்புக்கும் மதிப்பெண் போட்டுக் கூட்டினால் 'எலும்பு வயசு' வரும். கால்பந்தில் ஃபிஃபா 2009-இல் நைஜீரியாவில் நடந்த 17 வயதுக்குட்பட்டோர் உலகக்கோப்பையிலிருந்து மணிக்கட்டு எம்.ஆர்.ஐ. எடுக்கிறது. நம் மத்திய விளையாட்டு அமைச்சகமும் வயது மோசடிக்கு எதிரான விதித்தொகுப்பை 2010-இல் கொண்டு வந்தது.

ஆனால் எலும்புக்குப் பிறந்த தேதி தெரியாது. ஆரோக்கியமான ஒரே வயசுப் பிள்ளைகளிலேயே எலும்பு வயசு ஒரு வருஷம் முன்னே பின்னே இருப்பது சாதாரணம். சீக்கிரம் வளர்கிற பையன் உண்மையான சர்டிபிகேட்டோடு வந்தும் வெளியே போகலாம். மெதுவாக வளர்கிற பையன் பொய் சர்டிபிகேட்டோடு உள்ளே வரலாம். நாம் காதைத் தொடும் சோதனையை விட்டுவிட்டு முன்னேறிவிட்டோம் என்று நினைத்தோம். அதைவிட நுணுக்கமான காதுச் சோதனைக்குத்தான் வந்து சேர்ந்திருக்கிறோம்.

2023 அக்டோபர் 1-க்குப் பிறகு பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கைக்கும் மற்றவற்றுக்கும் பிறப்புச் சான்றிதழே ஆதாரம் என்று சட்டத் திருத்தம் வந்திருக்கிறது. அந்தக் குழந்தைகள் அண்டர்-14 ஆட வரும்போது காகிதப் பிரச்சினை பெரிய அளவில் தீர்ந்திருக்கும். உடம்புப் பிரச்சினை அப்படியே இருக்கும். ஜனவரி 1-இல் பிறந்தவனும் டிசம்பர் 31-இல் பிறந்தவனும் ஒரே பிரிவில் நிற்பார்கள், பதிமூன்று வயசில் அந்தப் பன்னிரண்டு மாசம் அரை அடி உயரமாகக்கூட இருக்கலாம்.

யாருடைய கழுத்து?

இதையெல்லாம் படித்த பிறகு எனக்குத் தெளிவானது இது. வயதுப் பிரிவு மூன்று வேலைகளைச் செய்யச் சொல்லப்படுகிறது: காயம் தடுக்க, போட்டி நியாயமாக இருக்க, சின்னவன் சலித்துப் போய் ஆட்டத்தை விடாமல் இருக்க. ஒரே ஒரு எண்ணால் மூன்றையும் சரியாகச் செய்ய முடியாது. அதனால்தான் நல்ல அமைப்புகள் வயசோடு நிறுத்தாமல், ஆட்டத்தின் விதியையே வயசுக்கேற்ப மாற்றின. ஒன்றரை மீட்டர் அப்படி ஒரு இரண்டாவது வேலி. முதல் வேலியான பிறந்த தேதி ஓட்டையாக இருந்தாலும், தள்ளுகிற தூரம் குறைவாக இருக்கும்.

உடல்வாகு மட்டுமே எல்லாம் என்றும் சொல்ல மாட்டேன். 2007-இல் லண்டனில் நடந்த 14 வயதுக்குட்பட்ட பள்ளி ரக்பிப் போட்டியில் புவனேஸ்வர் கிஸ் பள்ளியின் ஒடிசா பழங்குடிப் பையன்கள் கோப்பையை வென்றார்கள். வேகமும் கூட்டாட்டமும் போதும் என்று காட்டினார்கள். ஆனால் அந்த வெற்றிக்கு அர்த்தம் வருவதே, எதிரே நின்றவர்களும் உண்மையிலேயே பதினான்குக்குள் இருந்தால்தான்.

நம்ம ஊரில் வயசைக் குறைத்துச் சான்றிதழ் வாங்குவதைச் சின்னச் சாமர்த்தியமாகத்தான் பார்க்கிறோம். 'ஒரு வருஷம்தானே சார், ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல சீட் கிடைச்சா குடும்பமே நிமிர்ந்துடும்' என்று சொல்கிற அப்பாவின் கஷ்டமும் நிஜம்தான். ஓட்டப்பந்தயத்தில் அந்தப் பொய் இன்னொரு பையனின் பதக்கத்தை எடுக்கும். கபடியிலும் ரக்பியிலும் அது பதக்கத்தோடு நிற்காது. பதினாறு வயசு உடம்பு பதிமூன்று வயசுக் கழுத்தின் மேல் போய் விழும். அந்தக் கழுத்துக்குச் சொந்தக்காரன் சர்டிபிகேட்டைப் பார்த்ததில்லை. அவன் அம்மா எதிரே நிற்கிறவனும் எட்டாவதுதான் படிக்கிறான் என்று நம்பித்தான் அனுப்பியிருக்கிறாள்.